சூசை பெயரில் ஒரு புன்செய்

இன்றைக்கு அமிர்தநாதனின் ஷேர் ஆட்டோவில் ஏறுகிறவர்களிடம் "இவன் ஒரு காலத்தில் பேச்சை நிறுத்தவே மாட்டான்" என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். ஆனால் அதுதான் உண்மை. சிங்கப்பெருமாள் கோவில் ரயிலடியில் வண்டியைக் கிளப்பினால் ஒரகடம் தாண்டி வல்லம் போய்ச் சேருகிற வரைக்கும் வாய் ஓயாது. காலை ஷிப்டுக்குப் போகிற தென்மாவட்டத்துப் பிள்ளைகள் பாதித் தூக்கத்தில் கழுத்து அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களைத் தூங்க விட்டால்தானே!

"இந்தக் கம்பெனி கீது பாரு, இது எங்க மாமா நெல்லு அறுத்த எடம். அந்தா செக்யூரிட்டி குந்திகினு கீறாரே, அங்கதான் களம். இன்னா தூங்கிட்டியா?"

தூத்துக்குடியிலிருந்து வந்து ஸ்க்ரூ முடுக்குகிற பிள்ளைக்கு அவன் மாமா எங்கே நெல் அறுத்தால் என்ன? இருந்தாலும் "அப்படியாண்ணே" என்று ஒரு மரியாதைக்குச் சொல்லும். அமிர்தநாதனுக்கு அது போதும்.

அவனுக்குப் பெருமைப்பட ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது. அது அவனுடைய தாத்தா சூசை கொடுத்த நிலம்.

வல்லம் வடகாலைத் தாண்டி ஏரியை ஒட்டி அவனுடைய தெரு. கத்தோலிக்கர்கள் மட்டும் இருக்கிற சின்னத் தெரு. ஓடு போட்ட சின்னக் கோவில். எப்போதாவது வந்து பூசை வைத்துவிட்டுப் போகிற ஃபாதர். ஒரு காலத்தில் காலரா வந்து தெருவில் சாவு மேல் சாவு விழுந்தபோது, ஊர்க்காரர்கள் தங்கள் இடத்தில் புதைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பிணத்தை வைத்துக்கொண்டு சனம் ரோட்டில் நின்றது. சூசை தன்னுடைய கம்பு விளைகிற மேட்டு நிலத்தைக் காட்டி, "இங்க வைங்க" என்றாராம். பத்திரமும் கிடையாது, சாட்சியும் கிடையாது. சொன்னார், புதைத்தார்கள், அதோடு சரி.

அன்று தொட்டு அந்தத் தெருவில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. யார் செத்தாலும், செத்த வீட்டிலிருந்து ஒருவர் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு சூசை வீட்டு வாசலுக்கு வர வேண்டும். "எடம் வேணும்" என்று கேட்க வேண்டும். அந்த வீட்டின் தலைமகன் ஒரு குச்சியோடு போய் மண்ணில் கோடு கிழித்து "இங்க" என்று காட்டின பிறகுதான் குழி வெட்டுகிற கன்னியப்பன் கடப்பாரையைத் தொடுவான். சூசைக்குப் பிறகு அவர் மகன், அவருக்குப் பிறகு அமிர்தநாதன். மற்ற நாளில் அவன் வெறும் ஆட்டோக்காரன். சாவு விழுந்த நாளில் ரிட்டயர்டு வாத்தியார்கூட அவன் முன்னால் தட்டோடு நிற்பார். சும்மா சொல்லக் கூடாது, அந்த மரியாதையை அவன் ஒருநாளும் கெட்ட விதமாகப் பயன்படுத்தியதில்லை. முந்தின நாள் சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டவன் வீட்டுச் சாவுக்கும் நல்ல மேடாகப் பார்த்துத்தான் கோடு கிழிப்பான்.

2006-ல் அவன் வீட்டிலேயே சாவு விழுந்தது. மகள் ஜெர்சிக்கு மூன்றரை வயது. கல்யாணமாகி வெகுநாள் காத்திருந்து, வேளாங்கண்ணிக்கு நடந்து போய்ப் பெற்ற பிள்ளை. காய்ச்சல் என்று காஞ்சிபுரத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். மறுநாள் மத்தியானம் துணியில் சுற்றித் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

சாவு வீடும் அதே வீடு, இடம் காட்டுகிற வீடும் அதே வீடு. யார் யாரிடம் கேட்பது? தெருவின் உபதேசியார் யாக்கோபு, ஃபாதர் இல்லாத நாளில் ஜெபம் சொல்லிக் கொடுப்பவர், வெற்றிலைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். அமிர்தநாதன் வெளியே வந்தான். தட்டை அவர் கையிலிருந்து தானே வாங்கித் தரையில் வைத்தான். குச்சியை எடுத்துக்கொண்டு தனியாக நடந்தான். எல்லாரும் ஏரிப் பக்கமாகப் பின்னால் கோடு கிழிப்பான் என்று நினைத்தார்கள். அவன் ரோட்டோரமாகக் கிழித்தான்.

"ரோட்டாண்டயே இருக்கட்டும். போறப்ப வரப்ப பாத்துக்குவேன்" என்றான்.

அப்படியே பார்த்தும் வந்தான். அந்த இடம் வந்ததும் ஆட்டோ தானாக மெதுவாகும். ஏறியிருக்கிற பிள்ளைகள் வேகத்தடை என்று நினைத்துக்கொள்வார்கள். வாய் ஓயாத மனிதன் அங்கே மட்டும் பேச்சை நிறுத்தி, தாண்டின பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்குவான். 'கல்லறை' என்ற சொல்லை அதற்குப் பிறகு அவன் வாயால் யாரும் கேட்டதில்லை. வீட்டில் "பாப்பா கீற எடம்" என்பான். வெளியில் "எங்க தாத்தா நிலம்" என்பான். வேறு பிள்ளை பிறக்கவில்லை. அவன் மனைவி சகாயமேரி சனிக்கிழமை தோறும் போய்ப் புல்லைப் பிடுங்கி, சின்னச் சிலுவைக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டு வருவாள்.

2011-ல் வல்லம் கூட்டுரோட்டில் பாண்டிச்செல்வி ஒரு ஜெராக்ஸ் கடை போட்டாள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். ஏதோ கம்பெனியில் லைனில் நின்று நின்று கால் வீங்கி, போதும் என்று வெளியே வந்து, இரண்டு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். பாஸ்போர்ட் போட்டோ, பயோடேட்டா, ரயில் டிக்கெட் என்று ஓடிக்கொண்டிருந்த கடையில் திடீரென்று வேட்டி கட்டிய கூட்டம் சேர்ந்தது. நிலத்தின் பட்டா, சிட்டா எல்லாம் நெட்டிலேயே பார்க்கலாம் என்று செய்தி பரவியிருந்தது. தாலுகா ஆபீஸ் வாசலில் கால் கடுக்க நிற்க வேண்டாம், யாருக்கும் டீ வாங்கிக் கொடுக்க வேண்டாம். அந்த வட்டாரத்தில் காலடி மண்கூட விலை பேசுகிற காலம்; கேட்கவா வேண்டும்?

அமிர்தநாதன் லைசென்ஸ் ஜெராக்ஸ் எடுக்கப் போனவன், கூட்டத்தைப் பார்த்துவிட்டுச் சீண்டினான்.

"இன்னாமா, உன் டப்பாவுல எங்க தாத்தா பேரு வருமா?"

"சர்வே நம்பர் தெரியுமா அண்ணாச்சி? சொல்லுங்க, பாத்துச் சொல்லுதேன்."

தீர்வை ரசீதில் அப்பா வைத்திருந்த நம்பர் அவனுக்கு மனப்பாடம். சொன்னான். அவள் மாவட்டம், தாலுகா, கிராமம் என்று ஒவ்வொன்றாகத் தட்டினாள்.

"வந்திருக்கு அண்ணாச்சி. சூசை, தகப்பனார் பேரு ராயப்பன். சரியா?"

அமிர்தநாதன் திரைக்கு மூக்கு முட்டுகிற அளவு குனிந்தான். எழுத்துக்கூட்டிப் படித்தான். மறுபடி படித்தான். சூசைக்குப் போட்டோ கிடையாது. அவர் முகம் எப்படியிருக்கும் என்று தெரிந்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை. கல்லறைச் சிலுவைகூடச் சாய்ந்து மண்ணுக்குள் போய்விட்டது. அந்த மனிதரின் பெயரை அரசாங்கம் இத்தனை காலம் பத்திரமாக வைத்திருந்து, கேட்டவுடன் எடுத்துக் காட்டுகிறது. அவனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பாண்டிச்செல்வி பதறித் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"இத யாரு வேணா பாக்கலாமா?"

"யாரு வேணும்னாலும் பாக்கலாம் அண்ணாச்சி. நம்பர் தெரிஞ்சாப் போதும். துபாய்ல இருந்துகூடப் பாக்காங்க."

"அப்படிப் போடு!" என்று தொடையில் தட்டினான். ஒரு பிரதி எடுத்து, லேமினேஷன் போட்டு, வீட்டில் திருஇருதயப் படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினான். தெருவே வந்து பார்த்தது. அடுத்த ஒரு மாதத்துக்கு ஆட்டோவில் ஏறின பிள்ளைகள் பாடு திண்டாட்டம்தான்.

அந்தத் தாளில் சூசையின் பெயருக்குக் கீழே நிலத்தின் வகை என்று ஒன்று போட்டிருந்தது. புன்செய். அவ்வளவுதான் போட்டிருந்தது. சூசை தெருச் சனத்திடம் சொன்னார். தாலுகா ஆபீஸில் போய்ச் சொல்லவில்லை. அங்கே இத்தனை தலைமுறை படுத்திருப்பது அரசாங்கத்துக்குத் தெரியாது. அதைக் கவனித்தது யாக்கோபு உபதேசியார் ஒருவர்தான். ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்ததும் அவன் வீட்டுக்கு வந்தார்.

"அமிர்து, பேரு வந்துகிச்சு, சந்தோசம். ஆனா புன்செய்னு கீதுபா. சுத்தி கம்பெனி வந்துகினே கீது. எவன் வேணா நம்பரத் தட்டிப் பாப்பான். கோவில் பேருக்கு ஒரு தான செட்டில்மெண்ட் எழுதிட்டின்னா, கல்லறைன்னு மாத்தி வாங்கிடலாம். ஃபாதரும் வர்றேன்னாரு."

அமிர்தநாதனுக்கு முகம் மாறிவிட்டது.

"எங்க தாத்தா குடுத்தாரா, இல்லியா?"

"குடுத்தாருபா. யாரு இல்லேன்னா?"

"அப்ப நான் இன்னொரு தபா குடுத்தா, அவரு குடுக்கலன்னுதான அர்த்தம்? குடுத்தத எப்டிங்க மறுபடி குடுக்கறது?"

அந்தத் தெருவில் வாயால் கொடுத்தது கொடுத்ததுதான். அதற்கு மேல் எழுதச் சொல்வது கொடுத்தவன் முகத்தில் துப்புவதற்குச் சமம். உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர்களும் "அமிர்து சொல்றது நாயம்தான்" என்றார்கள். படித்தவன் ஒருத்தன் பக்கத்தில் இருந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பான். ஆனால் இதை இப்படி மட்டும் சொல்லிவிட்டுப் போவதும் நியாயமில்லை. அமிர்தநாதனுக்கு உள்ளுக்குள் வேறொரு பயமும் இருந்தது. கோவில் பெயருக்குப் போய்விட்டால் வெற்றிலைத் தட்டு ஃபாதர் அறைக்குப் போகும். அவன் வாசலுக்கு வராது. அப்புறம் அவன் யார்?

அன்று சாப்பாடு போடும்போது சகாயமேரி மெதுவாகச் சொன்னாள்.

"எழுதிக் குடுத்துடுங்களேன். பாப்பா கீற எடம்னு எழுத்துல இருந்துட்டுப் போவுது."

"பாப்பா எங்க தாத்தா நிலத்துல கீறா மேரி. அத எவன் தொடுவான்?"

அவள் குழம்பை ஊற்றினாள்.

அடுத்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஆவடியிலிருந்து டெனிசன் போன் செய்தான். சித்தப்பா மகன். சித்தப்பா சின்ன வயதிலேயே தெருவை விட்டுப் போய் ஆவடியில் குடியேறி அங்கேயே செத்து, அங்கேயே அடக்கமானவர். டெனிசன் பால்குடி வயதில் ஒருமுறை வந்ததோடு சரி. ஆனால் மரியாதை தெரிந்த பையன், திருநாளுக்குத் திருநாள் அண்ணனைக் கூப்பிட்டுப் பேசுவான்.

"டேய், தாத்தா பேரு கம்ப்யூட்டர்ல வருதுடா!" என்றான் அமிர்தநாதன். "உங்க ஆபீஸ்ல கம்ப்யூட்டர் கீதில்ல? நம்பர் சொல்றேன், எழுதிக்க."

நம்பரை நிறுத்தி நிதானமாகச் சொன்னான். திருப்பிச் சொல்லச் சொல்லிச் சரிபார்த்தான். மறுநாள் ஆபீஸிலிருந்து டெனிசன் கூப்பிட்டான். "அண்ணே, வந்துடுச்சிண்ணே! சூசை, தகப்பனார் ராயப்பன்! எங்கப்பா இருந்திருந்தா எவ்ளோ சந்தோசப்பட்டிருப்பாரு!" இரண்டு பேரும் போனில் சிறுபிள்ளைகள் மாதிரி சிரித்தார்கள். அண்ணன் தம்பி இருவரும் அப்படிச் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல்முறை.

அங்கே என்ன இருக்கிறது என்று அமிர்தநாதன் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று மறைக்கவில்லை. 'கல்லறை' என்ற சொல் அவன் வாயில் வந்து ஆறு வருஷமாகிறது, அன்றைக்கு மட்டும் எங்கிருந்து வரும்?

2013 நடுவில் ஒரு நாள் மத்தியானம் ரோட்டோரமாக ஒரு வெள்ளைக் கார் நின்றது. மூன்று பேர் இறங்கி டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தார்கள். ஒருவன் ஜெர்சியின் சிலுவை மேல் நோட்டுப் பையை மாட்டி வைத்திருந்தான். அமிர்தநாதன் பயணிகளை நடுரோட்டில் விட்டுவிட்டு ஓடினான். அவன் போட்ட கூச்சலில் தெருவே திரண்டது. அளக்க வந்தவர்கள் அடிதடிக்கு வந்தவர்கள் இல்லை. லாரி நிறுத்துகிற யார்டு போடப்போகிற ஒரு கம்பெனியின் ஆட்கள். அவர்களுக்கும் அதிர்ச்சிதான்.

"சார், சூசையோட பேரன் டெனிசன்கிட்ட அவரு பாதிப் பங்கை முறையா கிரயம் பண்ணியிருக்கோம். வாரிசு சர்டிபிகேட், வில்லங்கம் எல்லாம் பாத்தாச்சு. ரெக்கார்டுல வெறும் புன்செய்னுதான் இருக்கு. நீங்களே பாருங்க." அவர்களில் மூத்தவர் போனை நீட்டினார். திரையில் அதே பக்கம், அதே பெயர்.

அமிர்தநாதன் அன்று மாலையே ஆவடிக்கு ரயில் ஏறினான். டெனிசனின் சட்டையைப் பிடித்து நாலு அறை விடுவது என்று வழியெல்லாம் கையைப் பிசைந்துகொண்டே போனான். போய்ப் பார்த்தால் கட்டிலில் டெனிசனின் மனைவி சுருண்டு கிடந்தாள். சிறுநீரகம் போய், வாரத்துக்கு இரண்டு முறை ரத்தம் சுத்திகரிப்பு. அண்ணன் வந்திருக்கிறார் என்று எழுந்து, அவளே காபி போட்டுக் கொண்டுவந்து வைத்தாள்.

"இவளுக்காகத்தாண்ணே வித்தேன். கடவுளா பாத்துத் தாத்தா நிலத்தக் காட்டிக் குடுத்தாருன்னு நெனச்சேன். உன் பங்க நான் தொடலண்ணே. முடிஞ்சதும் வந்து சொல்லலாம்னு..."

"அது இன்னா எடம்னு தெரியுமாடா உனக்கு?"

அமிர்தநாதன் சொன்னான். ஏழு வருஷத்துக்குப் பிறகு அந்தச் சொல்லைச் சொன்னான். கோவிலுக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லி யாக்கோபு கேட்டதையும் சொன்னான். டெனிசன் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணே... கம்ப்யூட்டர்ல கல்லறைன்னு ஒரு வார்த்த இல்லியேண்ணே."

"உனக்குத் தெரியாதா?"

"எனக்கு எப்டிண்ணே தெரியும்? அப்பாவ இங்கதான வெச்சோம். நீயும் சொல்லலியே. பாப்பாவுக்குத் தகவல் வந்தப்ப நான் பம்பாய்ல இருந்தேன்." அவன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். "ஒரு வார்த்த கேட்டிருந்தா, கோவிலுக்குன்னு நானே ஓடியாந்து கையெழுத்து போட்டிருப்பேனேண்ணே."

திட்டியிருந்தால், எகிறிப் பேசியிருந்தால் அமிர்தநாதன் பிழைத்திருப்பான். அந்தக் கடைசி வாக்கியம் அவனை முறித்துப் போட்டுவிட்டது. ஆறிப்போன காபியைக் குடித்தான். "உடம்பப் பாத்துக்கம்மா" என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டுக் கடைசி ரயிலுக்கு நடந்தான்.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் அலைந்தார்கள். தாலுகா ஆபீஸில் இருந்த அதிகாரி நல்ல மனுஷர்தான். உட்காரச் சொன்னார், எல்லாவற்றையும் கேட்டார், தன் கம்ப்யூட்டரிலும் தட்டிப் பார்த்தார். "நீங்க சொல்றத நான் நம்பறேங்க. கிரயம் ஆகறதுக்கு முன்னாடி வந்திருந்தா வகை மாத்தறதுக்கு எழுதியிருக்கலாம்" என்றார். வக்கீல், கோர்ட்டுக்குப் போனால் பேரன் காலத்தில் தீர்ப்பு வரும் என்றார். அமிர்தநாதனுக்கு ஏது பேரன்? கடைசியில் யாக்கோபும் ஃபாதரும் கம்பெனிக்காரர்களோடு உட்கார்ந்து பேசினார்கள். ஏரிப் பக்கத்துப் பின்பாதி கோவில் பெயருக்கு. ரோட்டுப் பக்கத்து முன்பாதி கம்பெனிக்கு. முன்பாதியில் இருக்கிறவர்களைத் தோண்டி எடுத்துப் பின்னால் கொண்டுபோய் வைத்துக்கொள்ள வேண்டியது. அதற்கான செலவைக் கம்பெனியே ஏற்றுக்கொள்ளும்; ஆபீஸில் அனுமதியும் வாங்கித் தரும். பின்னால் இருந்தவர்கள் எல்லாம் பழைய ஆட்கள். முன்னால் இருந்தவர்கள் அமிர்தநாதன் கோடு கிழித்துக் கொடுத்தவர்கள். மகளை ஒட்டி, அடுத்தடுத்து அவளுக்குத் துணையாக இருக்கட்டும் என்று எல்லாரையும் ரோட்டுப் பக்கமே கிழித்துவந்தான்.

தன் பங்கைத் தான செட்டில்மெண்ட் எழுதிக் கையெழுத்துப் போட்டான். மூன்று வருஷத்துக்கு முன்பு போட்டிருக்க வேண்டிய அதே கையெழுத்து. தெருவில் ஒருத்தர்கூட அவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சகாயமேரியும் சொல்லவில்லை. அந்த வருஷம்தான் ஆட்டோவில் அவன் பேச்சு நின்றது.

2014-ல் மழைக்கு முன்பு முடித்துவிட வேண்டும் என்று நாள் குறித்தார்கள். காலையில் ஃபாதர் வந்து ஜெபம் சொல்லி மந்திரித்த தண்ணீர் தெளித்தார். கன்னியப்பன் ஒவ்வொரு குழியாகத் தோண்ட, அந்தந்த வீட்டார் புதுத்துணி விரித்து எலும்பை எடுத்து வைத்துக்கொண்டு, அழுதபடி பின்னால் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் அன்று இரண்டாவது சாவு. அமிர்தநாதன் "அவுங்கள்து முடியட்டும், அவுங்கள்து முடியட்டும்" என்று தன் முறையைத் தள்ளிக்கொண்டே போனான். வெயில் சாய்ந்தபோது அந்தச் சின்னச் சிலுவை ஒன்றுதான் பாக்கி நின்றது.

சகாயமேரி ஒரு மரப்பெட்டியோடு வந்து நின்றாள். தச்சரிடம் சொல்லிச் சின்னதாகச் செய்து வாங்கியிருந்தாள். உள்ளே அவளுடைய கல்யாணப் புடவையைக் கிழித்து விரித்திருந்தாள்.

கன்னியப்பன் கடப்பாரையை வைத்துவிட்டுக் கையாலேயே மண்ணை அள்ளினான். முழங்கால் ஆழம் போனான், இடுப்பாழம் போனான். துருப்பிடித்த ஓர் ஆணி வந்தது. மக்கின பலகையின் ஓரம் வந்தது. அவ்வளவுதான். இன்னும் கொஞ்சம் சுரண்டினான். கறுத்து, பிசுபிசுவென்று, ஈரமான மண். அவன் நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

"இன்னாடா?" என்றான் அமிர்தநாதன்.

"ரொம்பச் சின்னப் பாப்பாண்ணே. மேடுதான், ஆனா ஏரி ரொம்பினா அடியில தண்ணி ஊறுது. எட்டு வருசம் ஆச்சு. சின்ன எலும்பு நிக்காதுண்ணே."

"சரியா பாருடா."

"பாத்துட்டேண்ணே."

அமிர்தநாதன் குழிக்குள் இறங்கினான். கன்னியப்பனை மேலே ஏறச் சொன்னான். மண்டியிட்டு, இரண்டு கையாலும் அந்தக் கறுத்த மண்ணை அள்ளினான். சகாயமேரி குனிந்து பெட்டியை நீட்டினாள். அள்ளி அள்ளி வைத்தான். கட்டி இருந்தால் உடைக்காமல் முழுதாக வைத்தான். பெட்டி சீக்கிரம் நிறைந்துவிட்டது. குழியின் அடியில் அதே நிறத்து மண் இன்னும் இருந்தது. பக்கத்துச் சுவரிலும் இருந்தது. அவன் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான்.

"கன்னியப்பா, இதுல எது வரைக்கும்டா பாப்பா?"

கன்னியப்பன் எத்தனையோ குழி வெட்டினவன். துண்டை வாயில் திணித்துக்கொண்டு திரும்பி நின்றான். ஃபாதரும் யாக்கோபும் தரையைப் பார்த்தார்கள். ரோட்டில், சுற்றுச்சுவருக்கு அடித்தளம் தோண்ட வந்த எந்திரம் ஓட்டுநரோடு காத்திருந்தது. அவரும் அதை அணைத்துவிட்டு இறங்கி நின்றார்.

அமிர்தநாதன் நிறுத்தவில்லை. சட்டையைக் கழற்றி விரித்து அதில் அள்ளினான். சட்டை நிறைந்தது. நகத்தில் ரத்தம் வந்தது. யாக்கோபு குழி ஓரத்தில் குந்தி, "போதும்பா அமிர்து, மேல வாபா, கர்த்தருக்குத் தெரியும்பா" என்று கையைப் பிடித்தார். அவன் உதறிவிட்டான். அண்ணாந்து மனைவியைப் பார்த்தான். முகம் முழுக்க மண்.

"உட்டுட்டு வந்துட்டா என்னா பண்றது மேரி? பாதி இங்க இருந்துட்டா? லாரி ஏறுமே மேரி மேல."

சகாயமேரி பெட்டியைத் தரையில் வைத்தாள். கன்னியப்பனின் மண்கூடையை எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கி, அவன் எதிரில் உட்கார்ந்து, கூடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அள்ளுங்க" என்றாள்.